பிரேதச் சீலையை அவிழ்ப்பது யார்?

 

தியானப் பகுதி: யோவான் 11:38-44

பெத்தானியாவின் கல்லறைக்கு முன்பாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். லாசரு மரித்து நான்கு நாளாயிற்று. இனிமேல் என்ன இருக்கிறது என்று மார்த்தாளே கைவிட்டுவிட்டாள். இயேசு முதலில் கல்லை எடுக்கச் சொன்னார். அங்கே நின்றவர்கள் எடுத்தார்கள். பிறகு அவர் சத்தமிட்டுக் கூப்பிட்டார். செத்தவன் எழுந்து வந்தான். அல்லேலூயா!

ஆனால் அவன் எப்படி வந்தான் என்று கவனித்தீர்களா? கையும் காலும் கட்டப்பட்டு, முகம் துணியால் மூடப்பட்டு வந்தான். உயிர் வந்துவிட்டது, கட்டு போகவில்லை. ஒரே வார்த்தையால் உயிரைக் கொடுத்தவருக்கு இன்னொரு வார்த்தையால் அந்தத் துணியை அகற்ற முடியாதா? முடியும். ஆனாலும் அவர் அந்த வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் கொடுத்தார். அவிழ்த்துவிட்டு அவனை நடக்க விடுங்கள் என்றார்.

ஆம், பிரியமானவர்களே! மரித்தவனை எழுப்புகிறது அவருடைய வேலை. கல்லைப் புரட்டுகிறதும் சீலையை அவிழ்க்கிறதும் நம்முடைய வேலை. இந்த இரகசியத்தை அறியாததினால்தான் நம் வீடுகளில் குடியிலும் போதையிலும் கட்டப்பட்ட அநேகர், எழுந்தும் நடக்க முடியாமல் மறுபடியும் கல்லறைக்கே திரும்புகிறார்கள். ஆவியானவர் இந்த மாதம் இந்தக் காரியத்தைக் குறித்து நம்மோடு பேச விரும்புகிறார்.

"இது உலகத்தாருக்குச் சொல்ல வேண்டிய செய்தி பாஸ்டர், நமக்கு எதுக்கு?" என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மத்திய அரசு எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் குடிக்கு அடிமைப்பட்டுப் போனவர்களை எடுத்துக்கொண்டால், 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் எங்கே? வீட்டில் இருக்கிறார்கள். நம் சகோதரிகளின் வீட்டில் இருக்கிறார்கள். "பாஸ்டர், இன்னைக்கு ராத்திரி அவரு குடிக்காம வந்தாப் போதும், ஜெபிச்சுக்கோங்க" என்று ஞாயிறுதோறும் கேட்கிற கண்ணீர் அவர்களுக்காகத்தான்.

1. சாலொமோன் கண்ட பாம்பு

நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் 29 முதல் 35 வரை வாசித்துப் பாருங்கள். சிவந்த கண், காரணமில்லாத காயம், ஓயாத சண்டை, தாறுமாறான பேச்சு எல்லாம் அங்கே இருக்கிறது. முடிவில் அது பாம்பைப்போலக் கடிக்கும் என்கிறான் ஞானி. அடிபட்டுக் கிடக்கிறவன் கண் விழித்ததும் என்ன செய்கிறான்? மறுபடியும் அதையே தேடப் போகிறான்! இன்றைக்கு டாக்டர்கள் ‘அடிமைப்படுதல்’ என்று சொல்லுகிறதை வேதம் அப்பொழுதே படம்பிடித்துக் காட்டிவிட்டது.

அது எப்படி நடக்கிறது? தேவன் நம்முடைய மூளையில் சந்தோஷத்துக்கென்று ஒரு வழியை வைத்திருக்கிறார். நல்ல சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, வேலை முடித்த திருப்தி எல்லாம் அந்த வழியில்தான் வருகிறது. போதைப் பொருள் அந்த வழியில் வெள்ளம்போலப் பாய்கிறது. நாளாக ஆக, மற்றச் சந்தோஷங்கள் ருசியற்றுப் போகின்றன. முதலில் ஒரு கட்டிங் போதும், பிறகு குவார்ட்டர், பிறகு அதுவும் ஏறாது. கடைசியில் சந்தோஷத்துக்காகக் குடித்த காலம் போய், கை நடுக்கம் நிற்பதற்காகக் காலையிலே குடிக்கிற காலம் வருகிறது. அப்பொழுது அவன் குடிப்பதாக நினைக்கிறான். உண்மையில் குடி அவனைக் குடிக்கிறது.

சரீரத்தில் என்ன நடக்கிறது? ஈரலில் கொழுப்பு படிகிறது. அந்த நிலையில் குடியை விட்டால் பெரும்பாலும் ஈரல் சீராகிவிடும். விடாவிட்டால் வீங்கி, பிறகு சுருங்கி இறுகிப்போகும். மஞ்சள் காமாலையும், வயிற்றில் நீர் கோத்தலும், இரத்த வாந்தியும் அதற்குப் பிறகு வருபவை. வாய், தொண்டை, உணவுக்குழல், ஈரல், குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோய்க்கும் மது காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பட்டியலில் சேர்த்துவிட்டது. ‘அளவாகக் குடித்தால் நல்லது’ என்கிறவர்களுக்கு 2023 ஜனவரியில் அதே உலக சுகாதார நிறுவனம் பதில் சொன்னது: பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டோமா? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மெத்தனால் உடலுக்குள் போய் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்குகிறது. பிழைத்தாலும் பார்வை போகலாம்.

"குடிப்பது பாவமா, வியாதியா?" என்று சிலர் வாக்குவாதம் பண்ணுகிறார்கள். பாம்பு கடித்துக் கிடக்கிறவனிடம், "புற்றுக்குள்ளே ஏன் கையை விட்டாய்?" என்று விசாரித்துக்கொண்டா நிற்போம்? முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம். கையை விட்டது அவன் குற்றம்தான். அதற்கு மனந்திரும்புதல் வேண்டும், சிலுவையின் இரத்தம் உண்டு. ஏறிவிட்ட விஷத்துக்கு மருந்து வேண்டும். இரண்டும் வேண்டும்.

2. வாலிபரே, உங்களுக்கும்தான்

"நான் குடிக்கிறதே இல்லையே" என்கிற தம்பி, உன் சட்டைப் பையில் இருப்பது என்ன? உதட்டுக்குள் அடக்குகிற புகையிலைப் பொட்டலமும் கட்டுதான். அது நிக்கோட்டின் என்னும் கயிறு. வாய்ப் புற்றுக்கு நேரான பாதை. கஞ்சா செடிதானே, இலைதானே என்று சொல்லாதே. வளருகிற வயதில் தொடர்ந்து புகைக்கிறவர்களுக்குப் புத்தி பேதலித்து, காதில் குரல் கேட்கிற மனநோய் வரும் வாய்ப்பு அதிகமாகிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் ஒயிட்னரையும் துணியில் நனைத்து முகருகிற சிறுவர்கள் உண்டு. அது சில வேளை முதல் தடவையிலேயே இருதயத்தை நிறுத்திவிடும்.

இப்பொழுது வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற கொடுமை நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கிப்போகும். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி.யும் ஈரலைத் தின்னும் ஹெப்படைட்டிஸ் கிருமியும் கூடவே வரும். ஒன்றை மறந்துவிடாதிருங்கள்: சில மாதம் விட்டிருந்தவன் ஒரு நாள் தடுமாறி, பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் செத்துப்போவான். ஏனென்றால் சரீரம் பழைய பழக்கத்தை இழந்துவிட்டது. விட்டுவந்த பிள்ளையைப் பெற்றோர் முன்னிலும் அதிகமாய்க் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

3. அந்த மூன்றாம் நாள்

இப்பொழுது நான் சொல்லப்போவதைச் சபையின் மூப்பர்களும், ஜெபக்குழுத் தலைவர்களும், வீட்டு ஜெபம் நடத்துகிற சகோதரிகளும் இரண்டு முறை வாசியுங்கள். இது உயிர்ப் பிரச்சினை.

வருஷக்கணக்கில் தினமும் குடித்த ஒருவரை ஜெபத்துக்கு அழைத்து வருகிறோம். அவர் அழுது ஒப்புக்கொடுக்கிறார். "இன்றிலிருந்து ஒரு சொட்டும் கிடையாது" என்று பாட்டிலை உடைக்கிறார். நாம் கைதட்டுகிறோம். அவரை மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார வைக்கிறோம். சரீரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? மதுவின் அமுக்கத்துக்குள்ளேயே வேலை செய்யப் பழகிவிட்ட மூளை, அந்த அமுக்கம் திடீரென்று எடுபட்டதும் கட்டறுத்த காளையைப்போலத் துள்ளுகிறது.

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊருகிறது என்பார். பாம்பு வருகிறது என்று அலறுவார். இல்லாத ஆளோடு பேசுவார். பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார். உடம்பு அனலாய்க் கொதிக்கும்.

அப்பொழுது ஜெபவீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? "பிசாசு வெளிப்படுகிறது! பிடித்துக் கட்டுங்கள்!" என்கிறார்கள். பிரியமானவர்களே, பிசாசு உண்டு. அவனைத் துரத்த இயேசுவின் நாமத்தில் நமக்கு அதிகாரமும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடியை நிறுத்திய மூன்றாம் நாளில் இப்படி வருகிறது மருத்துவ உலகம் நன்றாய் அறிந்த ஆபத்து. வைத்தியம் இல்லாவிட்டால் உயிர் போகும். தகுந்த வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஆவிகளைப் பகுத்தறியும் வரம் பெற்ற சபை இந்த இரண்டையும் பகுத்தறிய வேண்டாமா?

ஆகையால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் குடிக்கிறவர், முன்பு ஒரு முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயதானவர், வேறு வியாதி உள்ளவர் ஆகியோரைத் திடீரென்று வீட்டிலோ ஜெபவீட்டிலோ வைத்து நிறுத்தச் செய்ய வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். அந்தச் சத்துக் குறைந்தால் ஞாபகசக்தியே அழிந்துபோகும். அவருக்காக உபவாசம் இருக்க வேண்டுமா? நாம் இருப்போம், அவர் சாப்பிடட்டும்! சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவைத் தேவதூதன் உபவாசத்துக்கு அழைத்தானா? முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19:5-8).

கட்டுகிற காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லறைகளில் திரிந்தவனைச் சங்கிலியால் கட்டினது ஊரார். அந்தச் சங்கிலி அவனுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. இயேசு கட்டவில்லை, விடுவித்தார் (மாற்கு 5). 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடை செய்கிறது. விடுதலை தருகிறவருடைய நாமத்தில் கூடுகிற இடத்தில் சங்கிலிக்கு என்ன வேலை?

4. அத்திப்பழ அடையும் இரண்டு பணமும்

"மருந்து எடுத்தால் விசுவாசம் குறைவுதானே பாஸ்டர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டு 15 வருஷத்தைக் கூட்டிக் கொடுத்தார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தான் (2 இராஜாக்கள் 20:1-7). ஜெபத்துக்குப் பதில் வந்த பிறகும் பற்று வைத்தார்கள்! பவுலோடு கூடப் போன லூக்கா ஒரு வைத்தியன். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணமும் கொடுத்தான். ஆசாரியனும் லேவியனும் ஒருவேளை ஜெபித்துக்கொண்டே கடந்து போயிருப்பார்கள்!

சிகிச்சை என்றால் என்ன? முதல் படி, விஷத்தை இறக்குவது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அது ஆரம்பம்தான், அதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வருகிறவர்கள்தான் சீக்கிரம் விழுகிறார்கள். இரண்டாம் படி, ஆலோசனை. எந்த நேரத்தில், யாரைக் கண்டால், எந்தத் தெருவில் போனால் ஆசை எழும்புகிறது என்று அவரே கண்டுபிடித்து, தப்ப வழி கற்றுக்கொள்வது. மூன்றாம் படி, குடும்பத்தாருக்கும் ஆலோசனை. நான்காவது, தேவைப்பட்டால் ஆசையைக் குறைக்கிற மாத்திரைகள். வலி மாத்திரை, ஹெராயின் பழக்கத்துக்கும் டாக்டர் மேற்பார்வையில் மாற்று மருந்து உண்டு. அதை ‘இன்னொரு போதை’ என்று இகழ்ந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

சகோதரிகளே, ஒரு எச்சரிக்கை. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விற்கிற பொடியை வாங்காதிருங்கள். டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், மது முழுவதும் எரிந்து கழியாமல் பாதியில் நின்று விஷமாகத் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். நோயாளி அறிந்து, சம்மதித்து, டாக்டர் பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டிய மருந்து அது. கணவரைக் காப்பாற்றப் போய் அவரை இழந்துவிட வேண்டாம். அந்த மருந்தில் இருக்கிற சகோதரருக்கு இராப்போஜனத்தில் புளிக்காத பழச்சாறே கொடுக்கப்படட்டும். இருமல் மருந்துகூட டாக்டரைக் கேட்டே குடிக்கட்டும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடியினால் இழந்தார். அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்துவிடாமல், 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தன் வீட்டில் அவிழாத கட்டை மற்ற வீடுகளில் அவிழ்க்க எழும்பின ஒரு பெண்மணி! சபையாகிய நாம் எதற்கு எழும்பினோம்?

5. பெருக்கி வைத்த காலி வீடு

மத்தேயு 12:43-45-ல் ஆண்டவர் ஒரு வீட்டைக் காட்டுகிறார். அசுத்தம் போயிற்று. பெருக்கி அலங்கரித்தும் ஆயிற்று. ஆனால் வீடு காலியாய் இருந்தது! போனது ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

குடியை விட்ட மனுஷனுடைய சாயங்காலம் காலியாய் இருக்கிறது. வேலை விட்டு வரும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது, பழைய சிநேகிதர் கூப்பிடுகிறார்கள், வீட்டிலோ, "எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்கிற குத்தல். சபையே, அந்த 6 மணி முதல் 9 மணி வரை அவரோடு யார் இருப்பது? ஞாயிறு இரண்டு மணி நேரம் போதாது. மன்னா அன்றன்றைக்கு விழுந்ததுபோல, விடுதலையும் அன்றன்றைக்கு வேண்டும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்கு வியாபாரியும் ஒரு அறுவை டாக்டரும், இரண்டு பேருமே குடிகாரர்கள், ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கினார்கள். அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று உலகமெங்கும் பரவிற்று. விழுந்து எழுந்தவனுக்குத்தான் விழுந்தவனைத் தூக்கத் தெரியும். நம் ஊரில் அந்தக் கூட்டம் நடந்தால் சகோதரரை அனுப்புங்கள். நம் சபையில் ஒருவருக்கு ஒருவர் துணையாக நியமிப்போம்.

இன்னொன்று. விட்டு ஒரு வாரம் ஆனவரை மேடையில் ஏற்றி, மைக்கைக் கொடுத்து, நோட்டீசில் படமும் போடாதிருங்கள். அந்தச் சாட்சி அவருக்குப் பாரமாகிவிடும். பிறகு தவறி விழுந்தால், வெட்கப்பட்டுச் சபைக்கே வரமாட்டார். இளஞ்செடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பார்களா? விழுந்தவரைக் கண்டால், "உனக்கு விசுவாசம் இல்லை" என்று சொல்லாமல், "வாங்கண்ணே, மறுபடியும் டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். பெத்சாயிதா ஊர்க் குருடனை ஆண்டவர் இரண்டு முறை தொட்டார் (மாற்கு 8:22-25). இரண்டாம் முறை தொட அவரே வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அவருடைய குடிக் கடனை அடைக்காதிருங்கள். வேலைக்கு வராததற்குப் பொய் சொல்லாதிருங்கள். போதையில் இருக்கும்போது சண்டை வேண்டாம். காலையில் தெளிந்தபின் பேசுங்கள். அடி விழுகிறதா? ‘சிலுவை சுமக்கிறேன்’ என்று பொறுத்துக்கொண்டிராதிருங்கள். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களை வேதாகமத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள்.

குடியில் கட்டுண்டிருக்கும் என் சகோதரனே, யாரோ உன் வீட்டில் இந்தத் தாளை உன் கையில் படும்படி வைத்திருப்பார்கள். உன்னை அவமானப்படுத்த இதை எழுதவில்லை. நான்கு நாளாயிற்று, நாறுகிறது என்று ஊர் சொன்ன இடத்தில்தான் இயேசு வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து வா! கட்டோடே வா! அவிழ்க்க நாங்கள் இருக்கிறோம்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, குடியிலும் போதையிலும் கட்டப்பட்டிருக்கிற ஒவ்வொருவரையும் உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வைத்தியம் செய்கிற டாக்டர்களின், நர்சுகளின் கைகளை ஆசீர்வதியும். காத்திருந்து களைத்துப்போன மனைவிமாரையும், பயந்து தூங்குகிற பிள்ளைகளையும் தேற்றும். எங்கள் சபைக்குப் பொறுமையுள்ள விரல்களைத் தாரும். எத்தனை முடிச்சானாலும் அவிழ்த்து முடிக்கும்வரை கைவிடாத அன்பைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.